பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் ஜாஸ் வைப்ரஃபோன் கற்பது எப்படி?

நீங்கள் கேட்டது இது: சில வருடங்கள் பியானோ வாசித்திருக்கிறீர்கள். இப்போது மூன்று ஆக்டேவ் வைப்ரஃபோன் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஜாஸ் வாசிக்க ஆசை, கற்றுத்தரத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. உங்களைப் போலவே ஆளுக்கொரு ஊரில் தனியாகப் பழகும் மூன்று நான்கு பேரைத் தெரியும். எங்கே தொடங்குவது, ஒருவருக்கொருவர் எப்படி உதவிக்கொள்வது?

முதலில் ஒரு தெம்பான விஷயம் சொல்கிறேன். இந்த வாத்தியத்தில் பெயர் வாங்கிய பலர் ஏறக்குறைய இப்படித்தான் வந்தார்கள். அலுமினியப் பட்டைகளும் காலால் இயக்கும் டேம்ப்பரும் (ஒலியை அடக்கும் கட்டை) சேர்ந்த இன்றைய வடிவம் 1927-ல் டீகன் என்ற வாத்திய நிறுவனத்தில் உருவானது. மூன்றே வருடத்தில், 1930-ல், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்த லயனல் ஹாம்ப்டன் ஸ்டுடியோவில் இருந்த வைப்ரஃபோனை எடுத்து வாசித்தார். அவருக்கு அதில் குரு என்று யார் இருந்திருக்க முடியும்? ரெட் நார்வோ சைலஃபோன் வாசித்துவிட்டு இதற்கு வந்தவர். கேரி பர்ட்டன் ஆறு வயதில் தொடங்கி, பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். அவரே 1971-லிருந்து நீண்ட காலம் பெர்க்லி இசைக் கல்லூரியில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

தானாகக் கற்றார்கள் என்றால் தனியாகக் கற்றார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட வாசிக்கும் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுடைய காது இருந்தது. உங்களுக்குத் தேவைப்படுவதும் அந்தக் காதுதான். ஏன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

தொடங்கிய முதல் வருடக் கடைசியில் எஃப் ப்ளூஸ் (எஃப்-ஐ அடிச்சுரமாகக் கொண்ட பன்னிரண்டு பார் வடிவம்; பார் என்றால் ஒரு தாளச் சுற்று) ஒன்றைப் பதிவு செய்து, பேஸ் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். நோட்டுகள் எல்லாம் சரி, தாளமும் விலகவில்லை என்று நம்பிக்கையாக இருந்தேன். அவர் ஒரே ஒரு வரி பதில் எழுதினார்: "ஏழாவது பாரில் நீ எந்த கார்டில் இருக்கிறாய் என்று தெரியவில்லை." திரும்பக் கேட்டேன். ஐந்தாவது, ஆறாவது பார்களில் பி ஃப்ளாட் 7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு). அதில் ஏ ஃப்ளாட் உண்டு. ஏழாவது பாரில் எஃப் 7. அதில் இருப்பது சாதாரண ஏ. நான் பெடலை எடுக்காமல் விட்டதால் பழைய ஏ ஃப்ளாட் புது ஏ-யின் தலைமேல் உட்கார்ந்து முழங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை வாசித்தும் என் காதுக்கு அது பட்டதே இல்லை. வாசிக்கிறவருக்கு, இப்போது அடித்த நோட்டுதான் கேட்கும். முன்பு அடித்தது இன்னும் ஒலிக்கிறதா என்பது, தள்ளி நின்று கேட்பவருக்கே முதலில் தெரிகிறது.

வைப்ரஃபோனில் நோட்டை அடிப்பது பாதி வேலை, அதை நிறுத்துவது மறுபாதி. பியானோவிலிருந்து வருகிறவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். பியானோவில், உச்சத்திலிருக்கும் சில சுரங்களைத் தவிர, ஒவ்வொரு கட்டைக்கும் தனி டேம்ப்பர் உண்டு. விரலை எடுத்தால் அந்த நோட்டு மட்டும் நிற்கும், மற்றவை பாட்டுக்கு இருக்கும். வைப்ரஃபோனில் எல்லாப் பட்டைகளுக்கும் சேர்த்து ஃபெல்ட் ஒட்டிய ஒரே ஒரு டேம்ப்பர் கட்டைதான். பெடலை மிதித்தால் எல்லாம் திறந்துகொள்ளும், விட்டால் எல்லாம் ஒன்றாக அடங்கிவிடும். பெடல் இல்லாமல் அடித்தால் வறண்ட ஒரு 'டக்' மட்டும் வரும். மிதித்தபடியே வாசித்தால் அலுமினியம் பல விநாடிகள் ஒலித்து எல்லாம் கூழாகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இசை இருக்கிறது.

முதல் பயிற்சி காலுக்கு. மெட்ரோனோமை 60-ல் வைத்து சி மேஜர் ஸ்கேலை இரண்டு அடிக்கு ஒரு நோட்டாக வாசியுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் பெடலை மாற்ற வேண்டும். பியானோவில் கட்டையை அழுத்திய பிறகு பெடலை மிதிக்கும் பழக்கம் உங்கள் காலில் ஊறியிருக்கும். இங்கே அது உதவாது. அடி விழும்போது டேம்ப்பர் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த நோட்டு பிறக்கும்போதே பாதி செத்துவிடும். அடிக்குச் சற்று முன் காலைத் தூக்கிப் பழைய ஒலியை அடக்கி, அடி விழும் அதே கணத்தில் மிதிக்க வேண்டும். பழைய நோட்டும் புது நோட்டும் கை மாற்றிக்கொள்வதுபோல், இடையில் ஓட்டை தெரியாமல் வர வேண்டும். குதிகால் தரையில் இருக்கட்டும், முன்பாதம் மட்டும் அசையட்டும். முழுக்கத் தூக்கத் தேவையில்லை. டேம்ப்பர் லேசாக உரசும் அரைப் பெடலும் பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காலைக் குறை சொல்லும் முன் வாத்தியத்தையும் பாருங்கள். டேம்ப்பர் கட்டை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், நீங்கள் எவ்வளவு சரியாகப் பெடல் போட்டாலும் ஒரு பக்க நோட்டுகள் அடங்கி, அந்தத் தாழ்ந்த பக்கம் ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நோட்டை அடித்து, பெடலை மெதுவாக விட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாவது பயிற்சி கைக்கு. எல்லாரும் தள்ளிப்போடுவது இதைத்தான். இரண்டாவது மாதமே தொடங்கிவிடுங்கள். பெடலை முழுக்க மிதித்து வைத்துக்கொண்டு இடது மேலட்டால் (அடிக்கும் கோலால்) சி அடியுங்கள். அப்புறம் வலது மேலட்டால் டி அடிக்கிற அதே கணத்தில், இடது மேலட்டின் தலையை சி-யின் மேல் மெல்ல வைத்து அழுத்துங்கள். சி நிற்கும், டி தொடரும். அடுத்து இடது கை ஈ-யை அடிக்கும்போது வலது டி-யை அடக்கட்டும். 'டொக்' என்று சத்தம் வந்தால் வைப்பதற்குப் பதில் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இப்படி மேலட்டாலேயே ஒவ்வொரு நோட்டாக அடக்கக் கற்றுக்கொண்டால் ஒரு கதவு திறக்கும். சி கார்டின் மேல் சி, ஈ, ஜி மூன்றையும் ஒலிக்க விட்டு, நடுவில் கடந்துபோகும் டி-யையும் எஃப்-ஐயும் மட்டும் துடைத்துவிடலாம். ஒரே ஆள் மெட்டும் கார்டும் சேர்த்து வாசிப்பதுபோல் கேட்கும். பர்ட்டன் தனியாக வாசிக்கும்போது இத்தனை தெளிவாக இருப்பதற்கு நான்கு மேலட் பிடித்தது மட்டும் காரணமில்லை, எந்த நோட்டு எப்போது நிற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்வதும் காரணம். இந்த ஒரு விஷயத்துக்காகவே டேவிட் ஃப்ரீட்மன் 1973-ல் எழுதிய பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. வைப்ரஃபோனுக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்குவதானால் அதை வாங்குங்கள் என்பேன்.

எதை அடக்குவது, எதை விடுவது என்று கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்து நோட்டுகள், அதாவது அரை சுரம், முழு சுரம் தள்ளி இருப்பவை மோதும். அவற்றை முதலில் கவனியுங்கள். ஒரே கார்டைச் சேர்ந்தவை சேர்ந்து ஒலித்தால் பெரும்பாலும் அழகுதான். கார்டு மாறும் இடத்தில் மட்டும் தயவு காட்டாதீர்கள்.

மேலட் பற்றிச் சுருக்கமாக. பிரம்புக் காம்பு வைத்த, நூல் சுற்றிய, நடுத்தரக் கடினத்தில் ஒரே மாதிரி நான்கு வாங்கினால் முதல் இரண்டு வருடம் ஓடிவிடும். பட்டையின் அடிப்புறத்தை வளைவாகக் குடைந்து, அடிப்படைச் சுருதிக்கு இரண்டு ஆக்டேவ் மேலே முதல் மேற்சுரம் வருமாறு சுருதி சேர்த்திருப்பார்கள். கடினமான மேலட் அந்த மேற்சுரத்தைக் கிளப்பி ஒலியைக் கூராக்கும். மென்மையானது அடிச்சுரத்தை மட்டும் எடுத்துத் தரும், ஆனால் வேகமான வரிகள் மங்கிப்போகும். அடிக்கும் இடம் பட்டையின் நடுவாகவோ விளிம்பாகவோ இருக்கட்டும். கயிறு கோத்திருக்கும் இடத்தில், அதாவது இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம் தள்ளி, பட்டை ஏறக்குறைய அதிர்வதே இல்லை. அங்கே பட்டால் ஒலி செத்துப் போகும். மேல் வரிசையில் இருக்கும் ஷார்ப், ஃப்ளாட் பட்டைகளை வேகமான இடங்களில் உங்கள் பக்கத்து விளிம்பில் அடித்தால் கைக்குப் பயணம் குறையும்.

இரண்டு மேலட்டா நான்கா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம்: வரிகளை இரண்டால் பழகுங்கள், கார்டுகளுக்காக தினம் பத்து நிமிடம் நான்கையும் பிடியுங்கள். மில்ட் ஜாக்சன் இரண்டு மேலட்டால் வாசித்தே ப்ளூஸை இந்த வாத்தியத்தில் பேச வைத்தார். நான்கு பிடிக்க பர்ட்டன் பிடி ஜாஸுக்கு நன்றாக ஒத்துவரும். காம்புகள் இரண்டும் உள்ளங்கையில் குறுக்கே போகும், வெளி மேலட் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வெளிவரும். முதல் வாரங்களில் அந்த விரல் இடுக்கு வலிக்கும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு வாசிப்பதில் லாபம் எதுவும் இல்லை.

மோட்டாரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குழாய்களின் வாயில் சுழலும் வட்டத் தகடுகள் ஒலியைக் கூட்டிக் குறைப்பதால்தான் அந்த அலையலையான நடுக்கம் வருகிறது. ஹாம்ப்டன் வேகமாகச் சுழல விட்டார், மில்ட் ஜாக்சன் மெதுவாக்கி ஒரு பாடகரின் குரல்போல ஆக்கினார், பர்ட்டன் அணைத்தே வைத்தார். கற்கும் காலத்தில் மோட்டார் ஓடினால் உங்கள் பெடல் தவறுகளை அது பூசி மறைத்துவிடும். அணைக்கும்போது தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி கையால் திருப்பி வையுங்கள். படுத்த நிலையில் நின்றால் குழாயை அடைத்துக்கொண்டு ஒலி சுருங்கிவிடும்.

சரி, ஜாஸுக்கு வருவோம். எஃப் ப்ளூஸிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வாத்தியத்தின் மிகக் கீழ் நோட்டு நடு சி-க்குக் கீழே இருக்கும் எஃப். பியானோ இடது கையின் ஆழமெல்லாம் இங்கே கிடையாது. அதனால் வேர்ச்சுரத்தை (கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை) பேஸுக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் அதன் மூன்றாம் சுரம், ஏழாம் சுரம் இரண்டை மட்டும் வாசிக்கிறோம். எஃப் 7-க்கு நடு சி-க்குக் கீழே ஏ, மேலே ஈ ஃப்ளாட். பி ஃப்ளாட் 7-க்கு இரண்டுமே அரை சுரம் கீழே இறங்கும்: ஏ ஃப்ளாட், டி. சி 7-க்கு, எஃப் 7-ன் இடத்திலிருந்து இரண்டுமே அரை சுரம் ஏறும்: பி ஃப்ளாட், ஈ. ப்ளூஸ் முழுவதும் கை இவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் சி 7-லிருந்து பி ஃப்ளாட் 7-க்குப் போகும் இடம் தவிர மற்ற மாற்றமெல்லாம் அரை சுர மாற்றம் என்பதால் பழையதை அடக்காவிட்டால் உடனே அசிங்கமாகக் கேட்கும். காலுக்கும் காதுக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வழக்கமான தொடருக்கும் இதே வழி. பியானோவில் எஃப், சி என்று தொடங்கி எஃப், பி-க்குப் போய், ஈ, பி-யில் முடிப்பீர்கள். இங்கே கடைசியில் தேவைப்படும் அந்தக் கீழ் ஈ வாத்தியத்திலேயே இல்லை. தலைகீழாகப் போடுங்கள்: நடு சி-யும் எஃப்-ம், அடுத்து பி-யும் எஃப்-ம், கடைசியில் பி-யும் ஈ-யும். ஒரு முறைக்கு ஒரே ஒரு நோட்டுதான் நகர்கிறது.

வரிகளுக்கு, மில்ட் ஜாக்சன் எழுதிய எஃப் ப்ளூஸான பேக்ஸ் க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 டிசம்பர் 24-ம் தேதி மைல்ஸ் டேவிஸ், தெலோனியஸ் மங்க்குடன் பதிவான வடிவத்தில் அவருடைய சோலோவைக் கேளுங்கள். மேலட்டைத் தொடும் முன் பாடுங்கள். முதல் இரண்டு கோரஸ் (கோரஸ் என்றால் பாட்டின் ஒரு முழுச் சுற்று) மூச்சு விடும் இடம் உட்பட வாயில் வந்த பிறகுதான் பட்டையில் தேட வேண்டும். காரணம் இருக்கிறது. சாக்ஸஃபோனில் ஒரு நோட்டைப் பிடித்து வளர்க்கலாம், வளைக்கலாம். வைப்ரஃபோனில் அடித்த பிறகு நோட்டு தேயத்தான் செய்யும். ஆகவே நம் கையில் இருக்கும் ஆயுதங்கள் கொஞ்சம்தான்: அடியின் பாரம், அது விழும் நேரம், எப்போது நிறுத்துகிறோம் என்பது. ஜாக்சனின் வரிகளில் பாதி நோட்டுகள் முணுமுணுப்பாக இருக்கும், ஒன்றிரண்டு மட்டும் எழுந்து நிற்கும். எல்லா நோட்டையும் ஒரே பலத்தில் அடித்தால் அதே வரி தையல் மெஷின்போல ஓடும். பாடிப் பார்த்தவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தானாக வந்துவிடும்.

இப்போது உங்கள் நண்பர்கள். நான்கைந்து பேர் போதும், அதிகமானால் யாரும் யாரையும் ஒழுங்காகக் கேட்கமாட்டார்கள். எல்லாரும் வைப்ரஃபோன்காரர்களாகவும் இருக்க வேண்டாம், ஒரு பேஸ் அல்லது கிட்டார் ஆள் கூட இருந்தால் நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு பாட்டு என்று வையுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கோரஸ் பதிவு செய்து அனுப்பட்டும், வெட்டி ஒட்டாமல். அனுப்பும்போது ஒரே ஒரு கேள்வியும் கூட வர வேண்டும்: "ஐந்தாவது பாருக்குள் போகும்போது பழைய கார்டு மிச்சமிருக்கிறதா?" என்பதுபோல. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அருமை" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பதில் சொல்பவரும் எந்த பார், என்ன கேட்டது என்று மட்டும் சொன்னால் போதும். தீர்வைத் தேடுவது வாசித்தவர் வேலை. என் நண்பர் அன்று எழுதிய வரியில் தீர்வு எதுவும் இல்லை. அதனால்தான் நானே தேடிக் கண்டுபிடித்தேன், இன்றுவரை மறக்கவில்லை.

பதிவு செய்வதில் இரண்டு விஷயங்கள் கெடுக்கும். ஒன்று, கைபேசியின் தானியங்கி ஒலி அளவு. அடி விழுந்ததும் அது சத்தத்தைக் குறைக்கும், நோட்டு தேயத் தேயக் கூட்டும். இல்லாத முழக்கம் இருப்பதாகக் கேட்கும், பெடல் பற்றிய விமர்சனமே தப்பாகிவிடும். அதை அணைக்க வசதியுள்ள பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள், கைபேசியை வாத்தியத்தின் சட்டத்தில் வைக்காமல் ஒன்றரை மீட்டர் தள்ளி, பட்டைகளைவிட உயரமாக வையுங்கள். இன்னொன்று, காட்சிக் கோணம். எதிரே வைத்து எடுத்தால் பார்ப்பவருக்கு இடம் வலமாகும், எந்தக் கை எதை அடக்கியது என்று குழப்பம். தோளுக்குப் பின்னாலிருந்தோ தலைக்கு மேலிருந்தோ எடுங்கள். முடிந்தால் காலையும் தனியாக எடுங்கள். பாதி வாசிப்பு அங்கேதான் நடக்கிறது.

சோலோக்களைச் சுரப்படுத்தும் வேலையையும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு கோரஸ் எடுத்து எழுதி, அப்புறம் தாள்களை மாற்றி, இன்னொருவர் எழுதியதை நீங்கள் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். நோட்டுகளோடு நிற்காமல் எந்தக் கை, பெடல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எந்த நோட்டை மேலட்டால் அடக்க வேண்டும் என்பதையும் குறியுங்கள். அடக்குவதற்கு ஒரு சின்னக் குறுக்குக் குறி போதும். பெடல் குறி இல்லாத வைப்ரஃபோன் தாள் பாதி எழுதிய தாள்தான். ஒரே வரிக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பெடல் போடுவதைப் பார்ப்பது, ஒரு நல்ல வகுப்பில் உட்காருவதற்குச் சமம்.

நேரலையில் சேர்ந்து வாசிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். சாதாரண வீடியோ அழைப்பில் ஒலி தாமதமாக வந்து சேரும். ஸ்விங் என்ற ஜாஸின் துள்ளல் தாளம் அந்தத் தாமதத்தைத் தாங்காது. ஆனால் வைப்ரஃபோன் கார்டும் வாசிக்கும், மெட்டும் வாசிக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் அடியில் வைத்து மூன்று கோரஸ் கார்டு மட்டும் வாசித்து அனுப்பட்டும், இன்னொருவர் அதன் மேல் சோலோ வாசித்துத் திருப்பி அனுப்பட்டும். அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். நண்பருடைய சோலோவுக்கு அடியில் உங்கள் கார்டுகள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று கேட்கும்போதுதான் எங்கே கையைத் தூக்கிச் சும்மா இருக்க வேண்டும் என்று புரியும். வைப்ரஃபோன் கலைஞர் பாபி ஹட்சர்சன் 1960-களில் பியானோ இல்லாத குழுக்களில் கார்டு வாசித்த விதத்தை அப்போது போய்க் கேளுங்கள். ஒரே ஒரு கார்டைத் தொங்கவிட்டு அவர் எத்தனை நேரம் காத்திருக்கிறார் என்பது முன்பு கேட்டதைவிட வேறு மாதிரி கேட்கும்.

உங்கள் குழுவுக்கு முதல் பதிவு இதுவாக இருக்கட்டும். மெட்ரோனோம் 60, எஃப் ப்ளூஸ், பன்னிரண்டு பார்: நான்கு பார் எஃப் 7, இரண்டு பி ஃப்ளாட் 7, இரண்டு எஃப் 7, ஒன்று சி 7, ஒன்று பி ஃப்ளாட் 7, கடைசி இரண்டு எஃப் 7. மேலே சொன்ன இரண்டிரண்டு நோட்டுகள் மட்டும், பாருக்கு ஒரு முறை, மோட்டார் அணைத்து. ஏழாவது பாரில் ஏ ஃப்ளாட் மிச்சமிருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள்.